வரப்பிலிருந்து கூப்பிட்ட பெயர்

முழங்கால்வரை தண்ணீரில் பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். புல்லும் நெல்லும் பார்வைக்கு ஒன்றுதான். இலையின் நடுநரம்பு வெளுத்திருந்தால் புல். எர்சிலியா பார்ப்பதில்லை. அவள் விரல்கள் தண்டைத் தடவித் தெரிந்துகொண்டு பிடுங்கின.

"கங்காணி மாறியாச்சு," என்றாள் பக்கத்தில் நின்ற பியெரினா, நிமிராமல்.

"புது ஆளா?"

"பழைய ஆளு."

எர்சிலியா வைக்கோல் தொப்பியின் விளிம்புக்குக் கீழே பார்த்தாள். வரப்பில் ஒரு ஜோடி பூட்ஸ். இடது பூட்ஸ் உட்பக்கமாகத் தேய்ந்திருந்தது. எவாசியோ.

"அவன் ஜெயில்ல இல்ல இருந்தான்?"

"ரோம்ல பொதுமன்னிப்புன்னு கையெழுத்துப் போட்டுட்டாங்களாம். இவனுங்களை எல்லாம் திறந்து விட்டாச்சு. கோழி திருடினவன் மட்டும் உள்ள இருக்கான்."

எர்சிலியா தண்ணீருக்குள் காலைத் தடவினாள். காலில் அட்டை ஒட்டியிருந்தது. இழுத்து எறிந்தாள்.

இரண்டு கோடைகளுக்கு முன்னால், போர் நடந்துகொண்டிருந்தபோது, இதே வயலில் அவளுக்கு அடுத்து நிவேஸ் நின்றாள். இருவரும் மலையில் இருந்த எதிர்ப்புப் படைக்குச் சேதி கொண்டுபோனவர்கள். தளபதி இருவருக்கும் வேறு பெயர் வைத்தார். நிவேஸுக்கு லூச்சியா. தனியாக இருக்கும்போதுகூட வீட்டுப் பெயர் சொல்லக் கூடாது என்பது கட்டளை. நிவேஸ் அடிக்கடி மறந்தாள். சைக்கிளில் போகும்போது எர்சிலியா பின்னாலிருந்து "நிவேஸ்" என்பாள், திரும்பக் கூடாது. "லூச்சியா" என்பாள், திரும்ப வேண்டும். தப்பினால் முதுகில் ஒரு குத்து. அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் இந்தப் பயிற்சி தொடங்கியது. பனி உருகுவதற்குள் நிவேஸ் தூக்கத்தில் கூப்பிட்டாலும் லூச்சியாவாகவே விழித்தாள்.

ஜூன் மாதம் பாசிஸ்டுகளின் கருஞ்சட்டைப் படையினர் வயலுக்கு வந்தார்கள். யாரையோ அடித்ததில் லூச்சியா என்ற பெயர் மட்டும் கிடைத்திருந்தது. கூலிக்காரிகளில் அந்தப் பெயரில் ஒருத்தியும் இல்லை. எல்லா முகத்துக்கும் தொப்பி, தொப்பிக்குக் கீழே துணி. அதிகாரி எல்லோரையும் கரையேற்றச் சொன்னார். அப்போது கங்காணியாயிருந்த எவாசியோ வேண்டாம் என்று கையைக் காட்டினான். வரப்பில் நின்று, தினமும் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டான்.

"லூச்சியா, தண்ணி கொண்டா."

"இதோ," என்று நிவேஸ் நிமிர்ந்தாள்.

வாய்க்கால் மதகில் அவளைத் தொங்கவிட்டார்கள். பிணத்தைக் கீழே இறக்க விடவில்லை. களையெடுப்பு நிற்கவில்லை.

மதியம் பாப்லர் மரத்தடியில் அரிசியும் பீன்ஸும் போட்ட சூப் கொடுத்தார்கள். எவாசியோ மெலிந்திருந்தான். எர்சிலியாவின் முன்னால் வந்து நின்றான்.

"உங்க அண்ணன் ஜெர்மன் கைதி முகாம்ல இருந்து வந்துட்டானாமே."

"வந்துட்டான்."

"நெஞ்சு சரியில்லைன்னாங்க."

"ஆமா."

"அவனும் வந்துட்டான், நானும் வந்துட்டேன். பழசை எல்லாம் கிளறாம இருப்போம். பாதியில போனா அரிசி கிடையாது, தெரியும்ல?"

தெரியும். களையெடுப்பு முடியும்வரை நின்றால்தான் கூலியோடு அரிசி மூட்டை. வீட்டில் அண்ணன் இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்தபடி தூங்குகிறான். டாக்டர் மருந்தாகச் சாப்பாட்டைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார்.

"தெரியும்," என்றாள்.

அவன் போன பிறகு பியெரினா கரண்டியைத் தட்டில் போட்டாள். "நீ எல்லாம் துப்பாக்கிக் கூட்டத்துல இருந்தவ. ஒரு வார்த்தை சொல்றதுக்கென்னடீ?"

"நான் கறிக்குத் தவளை தூக்கினவ. கூடையில தவளை."

"தவளைக்கு அடியில?"

"தோட்டா."

எமிலியாவிலிருந்து ரயிலில் வந்த புதுப் பெண் சூப்பை விட்டுவிட்டு எர்சிலியாவைப் பார்த்தாள். அந்தப் புதுப் பெண்ணை இங்கே எல்லோரும் ஊர்ப் பெயரால் ரெஜ்ஜோக்காரி என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரை ஒருத்தியும் சொல்வதில்லை. ஏன் என்று அவள் கேட்டதுமில்லை.

"அப்படின்னா ஜெயிச்சப்ப ஊர்வலத்துல நீங்களும் நடந்தீங்களாக்கா?"

"பொம்பளைங்க வரிசையில வந்தா ஜனங்க தப்பாப் பேசுவாங்கன்னு சொல்லிட்டாங்க. ஓரமா நின்னு கை தட்டினேன்."

"நல்லாத் தட்டினா," என்றாள் பியெரினா. "எனக்குக் காது அடைச்சுப்போச்சு."

சிலர் சிரித்தார்கள். எர்சிலியா தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

பிற்பகலில் காற்று நின்றுவிட்டது. கொசு மூக்கிலும் வாயிலும் ஏறியது. வரிசை மெல்ல நகர்ந்தது. பின்னால் வரப்பில் பூட்ஸும் நகர்ந்தது. எவாசியோ இடுப்பிலிருந்து கூலிக்காரிகளின் பெயர்ப்பட்டியலை எடுத்துப் பார்த்தான். திரும்பவும் செருகிக்கொண்டான்.

"லூச்சியா, தண்ணி கொண்டா."

வரிசை நின்றது. ஒரு முதுகும் அசையவில்லை. பியெரினாவின் கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

"இதோ வந்துட்டேன்," என்று, தன் சொந்தப் பெயரைக் கேட்டு, ரெஜ்ஜோக்காரி நிமிர்ந்தாள். நீரைத் தள்ளிக்கொண்டு வாளி இருந்த பக்கம் நடந்தாள். எவாசியோ அகப்பையை வாங்கிக் குடித்தான். வாயைத் துடைத்தான். அவளுக்கு நன்றி சொன்னான்.

வரிசை மறுபடி நகர்ந்தது.

"எர்சிலியா," என்றான் வரப்பிலிருந்து. "கையில என்ன?"

அவள் பார்த்தாள். ஒரு பிடி நெல். வேரில் சேறு சொட்டியது.

"பயிரைப் பிடுங்குறியே. அரிசியில கழிச்சிருவேன்."

எர்சிலியா குனிந்தாள். ஒவ்வொரு நாற்றாகப் பிரித்து, கட்டைவிரலால் சேற்றில் அழுத்தி நட்டாள். அவள் முடிக்கும்வரை பூட்ஸ் அங்கேயே நின்றது.