ரத்தான வயிற்றுவலி

கருத்துக் கணிப்பின் முடிவு வெளியான அன்று காலையில் வசந்தமணியின் வயிற்றுவலி ரத்தானது. வலி மட்டும் நிற்கவில்லை.

அந்த ஊரில் அதுதான் முறை. அரசியல், உடல்நலம், வேலை, படிப்பு என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். எந்தப் பதில் பதிவாகிறதோ அதன்படி மக்கள் இருந்துகொள்ள வேண்டும். இருந்தார்கள். மறுத்துப் பேச ஒருத்தருக்கும் துப்பில்லை.

கணிப்புக்காரர் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். வசந்தமணி கதவைப் பிடித்துக்கொண்டு, அந்த வீதியின் எல்லாப் பெண்களும் சொல்வதையே சொன்னாள்.

"அவர் வந்ததும் கேட்டுக்கங்க."

உள்ளே பாடம் படித்துக்கொண்டிருந்த மகள் தரணியின் காதிலும் அது விழுந்தது. வசந்தமணி கதவைச் சாத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வலி அப்போதே இருந்தது.

அவர் என்பது அவள் கணவன் துரைசாமி. கணிப்புக்காரரிடம் டீக்கடை பெஞ்சில் அகப்பட்டான். துரைசாமிக்கு வேலை நிலையாக இருந்ததில்லை, கருத்து நிலையாக இருந்தது. மழை ஏன் பெய்யவில்லை, அமெரிக்கா என்ன செய்ய வேண்டும், பக்கத்து வீட்டுக்காரன் தண்ணிக்குப் போர்வெல் எங்கே போட்டிருக்க வேண்டும், எதற்கும் கேள்வி வருவதற்கு முன்பே அவனிடமிருந்து பதில் வந்துவிடும். ஆட்சி மாற வேண்டும் என்றான். வீட்டில் எல்லாரும் நலம் என்றான். மனைவி வேலைக்குப் போகவில்லை, சும்மாதான் இருக்கிறாள் என்றான். அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துக் கொண்டுவரும் சம்பளத்தில்தான் அந்த டீயையும் குடித்துக்கொண்டிருந்தான்.

ஆட்சியைப் பற்றிய கருத்து பரிசீலனையில் இருக்கிறது. மற்றவை முடிவு வெளியான அன்றே நடைமுறைக்கு வந்தன.

கம்பெனியில் சூப்பர்வைசர், வசந்தமணி உட்கார்ந்திருந்த ஸ்டூலின் மேல் பனியன் கட்டுகளை அடுக்கினார். ஒருத்தியின் மடியில் அடுக்குகிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவள் எல்லாவற்றையும் பிரித்து, ஓட்டை பார்த்து, மடித்து வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

வயிற்றில் கட்டி இருக்கிறது, சீக்கிரம் எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லியிருந்த அதே டாக்டரம்மா மறுபடி அழுத்திப் பார்த்தார். வசந்தமணி அலறினாள். டாக்டரம்மா சுவரில் ஒட்டியிருந்த கணிப்பு முடிவைப் பார்த்தார்.

"உங்க வீதியில எல்லாருமே நல்லா இருக்கீங்கம்மா."

"எனக்கு வலிக்குதுங்க."

"சந்தோஷம். போயிட்டு வாங்க."

கட்டியைப் பற்றிக் கேட்டதற்கு, கட்டியும் நலமாகத்தான் இருக்கிறது என்றார்.

வீட்டுக்கு வந்து, பதிலை மாற்றிச் சொல்லும்படி துரைசாமியைக் கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் அவள் கேட்ட ஒரே உதவி அதுதான். அவன் நெடுநேரம் யோசித்தான். யோசிக்கும்போது தன் முகம் லட்சணமாக இருப்பதாக அவனுக்கு ஒரு நினைப்பு.

"சொன்ன சொல்லை மாத்துனா நாலு பேரு என்ன நெனைப்பாங்க?"

அந்த நாலு பேர் யார் யார் என்று அவளுக்குத் தெரியும். ஒருத்தன்கூடத் தன் காசில் டீ குடிப்பவன் இல்லை.

அவளே கணிப்பு அலுவலகத்துக்குக் கிளம்பினாள். அது ஊருக்கு வெளியே இருந்தது. அதன் நடைகூடம் நடக்க நடக்க நீண்டது. வலியோடு நடப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக நீண்டது. கடைசியில் ஒரு மேசைக்குப் பின்னால் அதே கணிப்புக்காரர், அதே அட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"வலி எனக்குங்க. அதை நான்தானே சொல்லணும்?" என்றாள்.

"அன்னைக்கே கேட்டேனேம்மா."

அதற்கு அவளிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்பதை அவர் பதிவு செய்துகொண்டார்.

பிறகு கொஞ்சம் இரங்கினார். எந்தக் கணிப்பிலும் சிறிதளவு பிழை இருக்கத்தான் செய்யும், அதற்கென்று தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், அவளை அதில் வைத்துக்கொள்கிறேன் என்றார். முதுகுக்குப் பின்னால் இருந்த கதவைத் திறந்துவிட்டார்.

பிழை ஒரு நீளமான அறை. பெஞ்சுகளில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் உடம்பில் எதையாவது பிடித்துக்கொண்டிருந்தாள். சொந்த ஊருக்குப் போய்விட்டாள் என்று வசந்தமணி நினைத்திருந்த எதிர்வீட்டு மரகதம் இடுப்பைப் பிடித்தபடி இருந்தாள். வீதியே அங்கேதான் இருந்தது. இதற்குப் பெயர் சிறிதளவு.

"உன்னையும் வந்து கேட்டாங்களா?" என்றாள் மரகதம்.

"கேட்டாங்க."

என்ன சொன்னாய் என்று மரகதம் கேட்கவில்லை.

அறைக்கு ஒரு ஜன்னல் இருந்தது. அது வசந்தமணியின் வீட்டு வாசலைப் பார்த்தபடி இருந்தது. அடுத்த கணிப்பு தொடங்கிவிட்டது போல. மேசையில் உட்கார்ந்திருந்த கணிப்புக்காரர் அங்கே வாசலிலும் நின்றுகொண்டிருந்தார். தரணி கதவைத் திறந்தாள். மேலே படிக்க விருப்பமா, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று அவர் கேட்டார்.

தரணிக்கு நர்சிங் படிக்க ஆசை. தூக்கத்தில்கூட அதைத்தான் சொல்வாள். வசந்தமணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நீயே சொல்லு கண்ணு, நீயே சொல்லு என்று தொண்டை கிழியக் கத்தினாள். வயிற்றுக்குள் என்னவோ இழுத்துப் பிடித்தது. அதையும் பொருட்படுத்தாமல் கத்தினாள். பிழையிலிருந்து சத்தம் வெளியே போவதில்லை.

தரணி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா வந்ததும் கேட்டுக்கங்க" என்றாள்.

பெஞ்சில் இருந்தவர்கள், யாரும் சொல்லாமலேயே, கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்து இன்னும் ஓர் ஆளுக்கு இடம் விட்டார்கள்.