சுடாத இடம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. கதவோரம் உட்கார்ந்திருப்பவளே, நீயும் உள்ளே நகர்ந்துகொள், முதுகில் காற்று அடிக்கப்போகிறது. இந்தக் கதையில் ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. ஒரு வேக்ஸ் டப்பாவும் ஐந்து பெண்களும்தான் உண்டு. கேட்டு முடித்ததும் அவரவர் மணிக்கட்டை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வீர்கள். அதற்கு நான் பொறுப்பு.

ஓர் ஊரில் ஓர் அழகு நிலையம். விடியற்காலை ஐந்து மணிக்கு அதன் பின்கட்டில் மருந்துக்குக்கூட அழகு இருக்காது. பெரிய அண்டாவில் வெந்நீர் கொதிக்கும். முந்தைய நாள் ஊரார் கைகால்களிலிருந்து முடி பிடுங்கிய துணிப்பட்டைகள் அதில் ஊறிக் கிடக்கும். ஒவ்வொன்றாக எடுத்து, ஒட்டிய சர்க்கரைப்பாகு வேக்ஸ் கரையும்வரை கசக்கி, முடியை உதறிப் பிழிந்து, கம்பியில் போட வேண்டும். முந்நூறு பட்டை. ஆவியில் கருகிய சர்க்கரை வாடை அடிக்கும். விடிந்து ஷட்டர் தூக்குகிற நேரத்தில் கசக்குகிறவளின் விரல்கள் ஊறிச் சுருங்கி, பத்தொன்பது வயதுக்காரியின் விரல்களாக இருக்காது.

கசக்குகிறவளுக்குப் பெயர் புதுசு. அப்பன் ஆத்தாள் வைத்த பெயர் வேறு. ஆனால் அந்தக் கடையில் கடைசியாகச் சேர்ந்தவள் எவளோ அவள்தான் புதுசு. அடுத்தவள் வரும்வரை அந்தப் பெயரைச் சுமக்க வேண்டும். இவள் ஏழு மாதமாகச் சுமக்கிறாள். ஆறு மாதப் படிப்பு படித்துச் சான்றிதழோடு வந்தவள். அந்தப் படிப்புக்காக அவள் அம்மா தன் தையல் மெஷினை விற்றுவிட்டு, ஆயத்த ஆடைக் கம்பெனியில் நின்றபடி பிசிறு வெட்டும் வேலைக்குப் போனாள். மணப்பெண்களுக்கு முகம் எழுதப் போகிறோம் என்ற கனவில் வந்த பெண், துணிப்பட்டைக்கும் வேக்ஸ் டப்பாவுக்கும் இடையில் நின்றாள்.

அந்த வேக்ஸ் சுடவைக்கும் ஹீட்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் இருந்த திருகு எப்போதோ உடைந்து விழுந்துவிட்டது. போட்டால் எரியும், பிடுங்கினால் அணையும், அவ்வளவுதான். மாற்றித் தரச் சொல்லி ஒருத்தி கேட்டதற்குக் கடைக்காரி, அவளை மேடம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், சொன்ன பதில் அங்கே வேதவாக்கு ஆகிவிட்டது.

"கை இருக்கில்ல? அதுதான் உனக்கு தெர்மாமீட்டர்."

ஆகவே கத்தி நுனியில் வேக்ஸை எடுத்து முதலில் தன் மணிக்கட்டின் உட்பக்கம் தொட்டுப் பார்ப்பாள் வேலைக்காரி. பொறுக்கும் சூடு என்று தெரிந்த பிறகே வாடிக்கையாளரின் தோலுக்குப் போகும். ஒரு நாளைக்கு முப்பது தடவை, நாற்பது தடவை. அதே இடம். முதலில் சிவக்கும், பிறகு கொப்புளிக்கும், பிறகு காய்ந்து பழுப்பாகிவிடும். அதனால்தான் எந்த வெயிலிலும் முழுக்கைக் கறுப்பு அங்கி போடவேண்டும் என்று உத்தரவு. அழகு விற்கிற இடத்தில் வெந்த தோல் கண்ணில் படக்கூடாதாம். இன்னொரு உத்தரவும் உண்டு. வாடிக்கையாளர் நாற்காலியில், ஆள் இல்லாதபோதும் வேலைக்காரி உட்காரக்கூடாது.

மற்ற நால்வரில் மூத்தவள் கத்திரியக்கா. பதினான்கு வருஷமாக முடி வெட்டுகிறாள். அடுத்தவள் நூல்காரி. புருவம் திருத்த நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்திருப்பதால் முன்பல்லில் சின்னப் பள்ளமே விழுந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரரு பத்து வருஷமா என் வாயை அடைக்கப் பாத்தாரு, முடியல. இந்த நூலு அடைச்சிருச்சு" என்பாள். முகத்துக்குப் பூச்சுப் போடும் அக்கா தங்கை இருவர், இரட்டையர் போல ஒன்றாகவே வந்து ஒன்றாகவே போவார்கள். வேக்ஸ் வேலை மட்டும் எல்லோருக்கும் பொது.

ஒரு விடுமுறை நாள். காலையிலிருந்து கூட்டம் நெரிந்தது. பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் கால் நீட்டிப் படுத்திருந்தார். புதுசு வழக்கம்போல வேக்ஸை மணிக்கட்டில் தொட்டாள். சுடவில்லை. டீச்சரின் கெண்டைக்காலில் இழுத்துத் தடவினாள். அவர் அலறிய அலறலில் வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பதறிப் பட்டை போட்டு உரித்தபோது தோலும் கூடவே வந்தது, உள்ளங்கை அகலத்துக்கு.

டீச்சரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு மேடம் திரும்பி வந்தாள்.

"தொட்டுப் பாத்தியா?"

"பாத்தேன் மேடம். சத்தியமா பாத்தேன்."

"பாத்திருந்தா முதல்ல உன் கை வெந்திருக்கணுமே. உனக்கு மட்டும் என்ன, இரும்புக் கையா?"

அந்தக் கேள்விதான் அவளைக் கொன்றது. பழி போட்டால் அழலாம், எதிர்த்துப் பேசலாம். தன் கையே தனக்கு எதிராகச் சாட்சி சொன்னால் என்ன செய்வது? சூடாக இல்லை என்றுதான் கை சொன்னது. டீச்சரின் கால் வெந்ததும் உண்மை. அப்படியானால் தொடாமலேயே தொட்டதாக நினைத்துக்கொண்டோமோ என்று தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தாள். மறுநாள் டீச்சர் வரும்போது காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கவேண்டும், அஜாக்கிரதை என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும், அதன் நகல் அழகு நிலைய முதலாளிகள் சங்கத்துக்குப் போகும் என்று மேடம் சொல்லிவிட்டாள். அந்தக் காகிதம் போய்ச் சேர்ந்தால் ஊரில் ஒரு கடையிலும் அவளைப் படி ஏற்றமாட்டார்கள். விற்ற மெஷின் விற்றதுதான், படித்த படிப்பு தண்ணீரில் எழுதியதுதான்.

சாயங்காலம் வீட்டில் அம்மா டீ ஆற்றி எவர்சில்வர் தம்ளரில் கொடுத்தாள். வாங்கிய பெண் மடியில் வைத்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொதிக்கிற தம்ளர் மணிக்கட்டில் சாய்ந்திருந்தது. அம்மாதான் பாய்ந்து பிடுங்கினாள்.

"சுடலையாடி உனக்கு?"

"என்னம்மா சுடணும்?"

அம்மா அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். பழுப்பேறிய அந்த இடத்தில் நகத்தால் கிள்ளினாள். பிறகு அழுத்திக் கிள்ளினாள். மகளின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. ஊசியும் கத்தரியுமாகவே வாழ்ந்தவளுக்கு விரல் மரத்துப்போவது என்ன என்று தெரியும். "நீ தொட்டுத்தான் பாத்திருக்கடி. கைதான் செத்துப் போயிருக்கு" என்றாள். மகள் அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு அண்டா கொதித்துக்கொண்டிருந்தபோது புதுசு தன் கையை நீட்டி நால்வரிடமும் சொன்னாள். நூல்காரி முடி பிடுங்கும் சின்னக் குறட்டை எடுத்தாள், கண்ணை மூடிக்கொண்டு தன் மணிக்கட்டில் குத்திப் பார்த்தாள். குறட்டை அக்கா தங்கையிடம் நீட்டினாள். அவர்களும் குத்திப் பார்த்தார்கள். ஒருத்திக்கும் வலிக்கவில்லை. கத்திரியக்கா மட்டும் குறட்டை வாங்கவில்லை.

"எனக்கு எட்டு வருஷமா அந்த எடம் செத்துப்போச்சு" என்றாள் தரையைப் பார்த்து. "நான் கன்னத்துக்கிட்ட கொண்டுபோய்ச் சூடு பாப்பேன். உனக்குச் சொல்லித் தரணும்னு தோணும். ஆனா கை செத்தவன்னு தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவாங்களேன்னு வாயைத் திறக்கல. டீச்சர் காலு வெந்ததுல எனக்கும் பங்கு இருக்குடி."

ஒரே கூரையின் கீழ் ஐந்து பேருக்கும் ஒரே குறை, ஒருத்திக்கு இருப்பது இன்னொருத்திக்குத் தெரியாமலே இருந்தது, கண்ணுகளா. முழுக்கை அங்கி வாடிக்கையாளரிடமிருந்து மட்டுமா மறைத்தது? ஒருத்தியிடமிருந்து ஒருத்தியையும் மறைத்திருந்தது. அன்று கசக்க வேண்டிய பட்டைகளை ஐந்து பேரும் சேர்ந்து கசக்கினார்கள். கசக்கி முடிப்பதற்குள் என்ன செய்வது என்று பேசி முடித்திருந்தார்கள்.

பத்து மணிக்கு டீச்சர் காலில் கட்டோடு நொண்டி வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. மேடம் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காகிதத்தை மேசையில் வைத்து, "வந்து அம்மா கால்ல விழு" என்றாள்.

"கால்ல விழுந்தா தோல் வந்துருமா?" என்றார் டீச்சர். "எனக்கு மன்னிப்பு வேண்டாம். எப்படி நடந்துச்சுன்னு சொல்லுங்க."

"திமிருதாம்மா. வேற என்ன? கவனமில்லாத கழுதை."

ஒரு பெண்ணின் புருவத்தில் பாதி முடித்திருந்த நூல்காரி பல்லிலிருந்து நூலை எடுத்தாள். "கழுதைங்க அஞ்சு இருக்கு மேடம், எண்ணிக்கோங்க" என்றாள். பாதிப் புருவத்தோடு அந்தப் பெண்ணும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

கத்திரியக்கா புதுசுவின் கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். மறு கையால் கத்திரியின் கூர்முனையை அவள் மணிக்கட்டில் வைத்து அழுத்தினாள். ஒரு துளி ரத்தம் எட்டிப் பார்த்தது.

"எப்ப குத்துவீங்கக்கா?" என்று கேட்டாள் புதுசு.

டீச்சரின் கை வாயைப் பொத்திக்கொண்டது. அதற்குள் மற்ற மூவரும் அங்கியின் கையைச் சுருட்டியிருந்தார்கள். கத்திரியக்காவும் சுருட்டினாள். கண்ணாடிகள் நிறைந்த அந்த அறையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பழுப்பேறிய மணிக்கட்டுகள் தெரிந்தன.

"இந்த ஹீட்டர்ல சூடு பாக்க கையை விட்டா வழியில்லம்மா. பாத்துப் பாத்துக் கை செத்துப்போச்சு. செத்த கையால தொட்டதுலதான் உங்க கால் வெந்துச்சு" என்றாள் கத்திரியக்கா.

டீச்சர் மேடத்தைப் பார்த்தார். "நீங்க ஒரு தடவை உங்க கையில தொட்டுக் காட்டுங்களேன்."

மேடத்தின் கை முந்தானைக்குள் போனது. போன கை வெளியே வரவில்லை.

டீச்சர் எழுந்தார். புகார் எழுதத்தான் போகிறேன், இந்தப் பெண் மேல் இல்லை, அந்த ஹீட்டர் மேல் என்று சொல்லிவிட்டு நொண்டியபடி இறங்கிப் போனார்.

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றீங்களா?" மேடத்தின் குரல் கிழிந்தது. "எல்லாரும் வெளிய போங்க. சான்றிதழ வச்சுக்கிட்டு இருபது பேரு வாசல்ல நிக்கிறாளுங்க."

"போறதா இல்ல மேடம்" என்றாள் புதுசு. அந்தக் கடையில் அவள் குரல் உரக்கக் கேட்டது அதுதான் முதல் தடவை. "அந்தக் காகிதத்த கிழிக்கணும். திருகு வச்ச ஹீட்டர் வரணும். அதுவரைக்கும் யாரும் வேக்ஸ் தொட மாட்டோம்."

சொல்லிவிட்டு வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மெத்தென்று இருந்தது. ஏழு மாதம் துடைத்த நாற்காலி. மற்ற நால்வரும் ஆளுக்கொன்றில் உட்கார்ந்தார்கள். கடை மூடும்வரை எழவில்லை.

மறுநாள் விடியலில் ஷட்டரில் புதுப் பூட்டுத் தொங்கியது. ஐவரும் படியில் உட்கார்ந்தார்கள். கை சுருட்டியே இருந்தது. குளிர் எலும்பைக் குடைந்தது. சற்று நேரத்தில் மேடம் ஒரு பெண்ணோடு வந்தாள். நெஞ்சோடு அணைத்த பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ், எண்ணெய் வழிய வாரிய தலை, வழவழவென்ற கை. ஐவரையும் தாண்டிப் பூட்டைத் திறந்து, "புதுசு, உள்ள வாடி" என்றாள். கூப்பிட்டது அந்தப் பெண்ணை.

படியில் இருந்தவர்கள் அவளைத் திட்டவில்லை, தடுக்கவுமில்லை. அவள் கடந்து போகையில் நம் பெண் மட்டும் தன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டி, "உள்ள போய் ஒரே ஒரு கேள்வி கேளு தங்கச்சி. சூடு எதுல பாக்கறதுன்னு" என்றாள்.

ஷட்டர் பாதி இறங்கியது. உள்ளே ஹீட்டர் போடும் சத்தம். பட்டைகளைப் பற்றி ஏதோ அதட்டல். பிறகு மெல்லிய குரலில் ஒரு கேள்வி. பிறகு அந்தப் பழைய பதில், படியில் இருந்த ஐவருக்கும் மனப்பாடமான பதில்.

பிறகு ஷட்டருக்கு அடியில் குனிந்து அந்தப் பெண் வெளியே வந்தாள். சான்றிதழை இன்னும் அணைத்தபடியே இருந்தாள். எங்கே நிற்பது என்று தெரியாமல் தயங்கினாள். நூல்காரி நகர்ந்து, தன் பக்கத்தில் படியைத் தட்டிக் காட்டினாள்.

"உக்காரு. இங்க உக்காந்தா யாரும் திட்ட மாட்டாங்க."

ஆறாவது ஆளாக அவள் உட்கார்ந்தாள். ஷட்டர் பாதியிலேயே நின்றது. காகிதம் இன்னும் கிழியவில்லை, புது ஹீட்டரும் வரவில்லை. தெருவில் வெயில் மட்டும் மெதுவாகப் படி ஏறிக்கொண்டிருந்தது.

நேரமாயிற்று, எழுந்திருங்கள் என் தங்கங்களே. உங்கள் வீட்டு அடுப்பு நாளும் எரியட்டும். உங்கள் வீட்டுக் கைகள் சூட்டைச் சூடென்றும் குளிரைக் குளிரென்றும் கடைசிவரை அறியட்டும். படியில் யாராவது தயங்கி நின்றால், நகர்ந்து இடம் தர உங்கள் வீட்டில் எப்போதும் ஓர் ஆள் இருக்கட்டும்.