கேத்தில் வெடிக்கவில்லை

சவளக்கடைப் பக்கத்தில், சுற்றிவர வயல் சூழ்ந்த ஒரு சின்னப் பாடசாலையில் உயர்தர உயிரியல் பிரிவில் மொத்தமே ஏழு பிள்ளைகள். ஏழு பேரும் பெண்பிள்ளைகள். இரசாயனவியல் படிப்பித்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனதோடு அந்த வகுப்பு தள்ளாடத் தொடங்கியது.

அதிபர் அப்துல் ஹமீட் நல்ல மனிதர்தான். ஆனால் இல்லாத ஆசிரியரை எங்கிருந்து கொண்டுவருவார்? ஏழு பேரையும் கூப்பிட்டார்.

"வலயக் கல்வி ஒபிஸில கேட்டுக் கேட்டு வாய் நொந்துபோச்சு புள்ளைகள். கல்முனைக்குப் போகேலுமானவங்க போங்க. மத்தவங்க கலைப் பிரிவுக்கு மாறுங்க. காலத்த வீணாக்காதீங்க."

அந்த ஏழு பேரில் ஆகிலாவுக்குப் போக வழி இருந்தது. கல்முனையில் மாமி வீடு. பெரிய பாடசாலை பக்கத்திலேயே. அவளுடைய வாப்பா காலிதீன் அன்று பின்னேரமே மாமியுடன் கதைத்தும் விட்டார். அவளுடைய தோழி றஸ்னாவுக்குத்தான் வழியில்லை. றஸ்னாவின் உம்மா குவைத்தில் வேலை செய்தார். இரண்டு தம்பிமாருக்கும் சோறாக்கிக் கொடுத்துவிட்டுத்தான் அவள் பாடசாலைக்கே வருவாள்.

"நீ போ புள்ள. எனக்காக நிக்காத," என்றாள் றஸ்னா.

"ஒனக்காக ஆரு நிண்டது? மாமிர கறிய மூணு நாளைக்கு மேல திங்கேலாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் மறுநாள் காலையில் அதிபரின் அறை வாசலில் போய் நின்றபோது ஆகிலாவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஸேர், இந்த மூணு மாசத் தவணை முடியிற மட்டும் டைம் தாங்க. நாங்க படிப்பிக்கிறம்."

"ஆருக்கு?"

"எங்களுக்குத்தான்."

அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திருப்பிப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். "சரி. தவணை முடியக்குள்ள வலயத்து ஸேர் வந்து பாப்பார். அவர் மூடுங்க எண்டா மூடுறதான். பிறகு என்னோட அழக்கூடா."

பாடங்களைப் பங்கு போட்டார்கள். அணு, பிணைப்பு, நீர் என்ற முதற் பகுதி ஆகிலாவின் தலையில் விழுந்தது. உயிரியலின் அத்திவாரமே அதுதான். இரத்தமும் இலையும் உயிர்க்கலமும் பெரும்பங்கு தண்ணீர். தண்ணீர் விளங்காதவளுக்கு மற்றது எதுவும் விளங்காது.

முதல் நாள் அவள் கரும்பலகையில் ஒட்சிசன் அணு ஒன்றையும் ஐதரசன் அணு இரண்டையும் அழகாக வரைந்தாள். அணுக்கள் இலத்திரன்களைப் பங்குபோட்டுக்கொண்டு சேர்ந்திருப்பதைப் பாடமாக்கியபடியே ஒப்புவித்தாள். நன்றாகத்தான் போனது, றஸ்னா கையை உயர்த்தும்வரை.

"அப்ப தண்ணி கொதிக்கக்குள்ள அந்தப் பிணைப்பு உடைஞ்சு, ஒட்சிசன் வேற, ஐதரசன் வேறயாப் போகுமா?"

ஆகிலாவுக்குத் தெரியாது. ஆனால் கரும்பலகைக்கு முன்னால் நிற்பவள் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

"ஓம். அப்பிடித்தான்," என்றாள். ஆறு பேரும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு பிளேன்டீக்குக் கேத்திலை அடுப்பில் வைத்தாள். தண்ணீர் கொதித்தது. மூக்கு வழியாக ஆவி புசுபுசுவென்று வந்தது. கீழே நெருப்பு. அப்போதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐதரசன் நெருப்பைக் கண்டால் வெடிக்கும் வாயு. எரிய உதவுவது ஒட்சிசன். இரண்டும் பிரிந்து வந்திருந்தால் இந்நேரம் குசினிக் கூரை வயலுக்குள் கிடக்க வேண்டும்.

உம்மா எட்டிப் பார்த்தார். "என்ன புள்ள, கேத்திலையே பாத்துக்கிட்டு நிக்கிறாய்? வெடிக்கப்போகுதா?"

"வெடிக்கல்ல உம்மா. அதான் பிரச்சின."

மூடியைத் தூக்கிப் பார்த்தாள். உட்புறத்தில் நீர்த்துளிகள் தொங்கின. தண்ணீராகப் போனது தண்ணீராகவே திரும்பி வந்திருக்கிறது! அப்படியானால் உடைந்தது எது?

தேநீர் ஆறிப்போனது. புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு வரி விளங்காமல் அடுத்த வரிக்குப் போவதில்லை என்று உட்கார்ந்தாள். பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்தில்தான் விடை பிடிபட்டது. பேசாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியவராது என்ற எண்ணமும் கூடவே வந்தது. ஆனால் அந்தப் பிழை ஆறு கொப்பிகளில் கிடக்கிறதே!

"நேத்து நான் சொன்னது பிழை. வெட்டுங்க," என்றாள் காலையில்.

எழுதிக்கொண்ட ஆறு பேரில் ஒருத்தியான மப்றூஹாவுக்குக் கோபம் வந்தது. "அப்ப நீ சொன்ன மத்ததெல்லாம் சரியெண்டு எப்பிடி நம்புற?"

சுருக்கென்று தைத்தது. ஆனாலும் ஆகிலா பின்வாங்கவில்லை.

"நம்பாதீங்க. கேளுங்க. விளங்குற மட்டும் என்ன விடாதீங்க. இப்ப எல்லாரும் வெளிய வாங்க."

முற்றத்து மரநிழலில் ஆறு பேரையும் மூன்று மூன்றாக நிறுத்தினாள். ஒவ்வொரு மூன்றிலும் நடுவில் நிற்பவள் ஒட்சிசன். இரண்டு பக்கமும் ஐதரசன்.

"கைய இறுக்கிப் புடிங்க. இதான் மூலக்கூறுக்குள்ள இரிக்கிற பிணைப்பு. புடிச்ச கைதான் பங்கு போட்ட இலத்திரன். றஸ்னா, நீ ஒட்சிசன், ஆசக்காரி. அந்தக் கைகள ஒன்ட பக்கம் இழு."

றஸ்னா இழுத்தாள். இரண்டு ஐதரசன்களும் அவள்பக்கம் சாய்ந்தார்கள்.

"இலத்திரன் ஒட்சிசன்ட பக்கம் கூடிட்டு. அதால ஒட்சிசன் பக்கம் கொஞ்சம் மறை மின்னேற்றம், ஐதரசன் பக்கம் கொஞ்சம் நேர் மின்னேற்றம். மறையும் நேரும் ஒண்டையொண்டு இழுக்கும். மப்றூஹா, நீ அடுத்த மூலக்கூறுட ஐதரசன். சும்மா இரிக்கிற கைய நீட்டி றஸ்னாட தோள விரல் நுனியால தொடு. இதான் ஐதரசன் பிணைப்பு."

"நீ ஆரு?" என்று கேட்டாள் மப்றூஹா.

"நான்தான் நெருப்பு."

சொல்லிவிட்டு நடுவில் புகுந்து அவர்களைப் பிடித்து உலுக்கினாள். விரல் நுனி நழுவியது. இரண்டு கூட்டமும் ஆளுக்கொரு பக்கம் தள்ளாடிப் போனது. ஆனால் இறுக்கிப் பிடித்த கை ஒன்றுகூட விடுபடவில்லை.

"இப்ப சொல்லுங்க. கொதிக்கக்குள்ள உடையிறது எது?"

மப்றூஹா தன் விரல் நுனியைப் பார்த்தாள். கோபம் போய்விட்டது. "மூலக்கூறுக்கு இடையில இரிக்கிறது. மூலக்கூறு உடையல்ல," என்றாள் மெதுவாக.

தவணை முடிவில் வலயத்திலிருந்து விஞ்ஞானப் பாட ஆலோசகர் தனஞ்சயன் வந்தார். ஆகிலாவை அவர் கேட்கவில்லை. கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த றஸ்னாவைத்தான் எழுப்பினார்.

"பனிக்கட்டி ஏன் பிள்ளை தண்ணியில மிதக்குது?"

அதை அவர்கள் படித்திருக்கவில்லை. றஸ்னா யன்னல் வழியாக முற்றத்து மரத்தைப் பார்த்தாள். பிறகு கையை முன்னே நீட்டினாள்.

"தண்ணியா இரிக்கக்குள்ள ஐதரசன் பிணைப்பு உடைஞ்சு உடைஞ்சு திரும்பப் புடிக்கும் ஸேர். அதால மூலக்கூறுகள் நெருங்கிப் போகேலும். உறைஞ்சா அசையாமப் புடிச்சுக்கிட்டு நிக்கணும். எல்லாரும் இப்பிடிக் கைய நீட்டி நிண்டா நடுவுல இடம் வரும். அதே தண்ணி கூடுதலா இடம் எடுக்கும். அதான் லேசாகி மிதக்குது."

"அதால உயிருக்கு என்ன பிரயோசனம்?"

"குளிர் நாட்டில குளம் மேலதான் உறையும் ஸேர்," என்று மப்றூஹா எழும்பினாள். "கீழ மீன் உசிரோட இரிக்கும்."

அவர் அதிபரைத் திரும்பிப் பார்த்தார். "ஆர் படிப்பிச்சது?"

அதிபர் ஏழு பேரையும் கையால் காட்டினார்.

ஆலோசகரும் எதுவும் வாக்குக் கொடுக்காமல்தான் போனார். அடுத்த தவணை தொடங்கியும் தகவல் இல்லை. ஒருத்தி வீட்டார் சொற்படி கலைப் பிரிவுக்கு மாறிப்போனாள். அவளுடைய வெறும் வாங்கை ஆகிலா ஒவ்வொரு நாளும் துடைத்து வைத்தாள். மாமியும் விடாமல் ஃபோன் எடுத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் பாடம் நிற்கவில்லை. நீர் முடிந்தது, அமிலமும் காரமும் முடிந்தன, நான்கு பிணைப்புக் கைகள் கொண்ட காபனுக்கு வந்தார்கள். அது றஸ்னாவின் பங்கு.

மழை பெய்த ஒரு திங்கட்கிழமை, குடையை மடக்கியபடி ஒரு பெண் வகுப்பு வாசலில் வந்து நின்றார். வாரத்தில் மூன்று நாள் இங்கே படிப்பிக்கச் சொல்லி வலயம் அனுப்பிய ஆசிரியை, றபீக்கா மிஸ். எல்லோரும் எழும்பினார்கள். கரும்பலகைக்கு முன்னால் நின்ற றஸ்னா அவசரமாக வெண்கட்டியை நீட்டினாள்.

மிஸ் அதை வாங்கவில்லை. காலியாகக் கிடந்த வாங்கில் போய் உட்கார்ந்தார்.

"தொடங்கின நீயே முடி மகள். நானும் கேக்கிறன்."

றஸ்னா ஆகிலாவைப் பார்த்தாள். ஆகிலா தலையசைத்தாள். றஸ்னா பலகைப் பக்கம் திரும்பி, காபன் அணுவுக்கு நான்காவது கையை வரைந்தாள்.