டிவியில் கீழ்வரி தெரியவில்லை

கம்ப்யூட்டர் கடைக்காரர் எடுத்துக் காட்டிய வீடியோ கார்டில் மூன்று விசிறிகளும் கலர் கலரான விளக்குகளும் இருந்தன. "இதுல எந்த கேமும் பறக்கும்," என்றார்.

"பறக்க வேண்டாங்க, சத்தம் போடாம இருந்தா போதும்," என்றாள் மைனா.

அவள் வேற்றுமொழிப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுகிறவள். எழுதும்போது வசனத்தை முணுமுணுத்துப் பார்ப்பதால் பழைய அலுவலகத்தில் வைத்த பெயர்தான் மைனா. இப்போது வீட்டிலிருந்தே வேலை. மானிட்டரில் வரிகளை அடிப்பாள், சுவரிலிருக்கும் டிவியில் படம் ஓடும். தள்ளி உட்கார்ந்து பார்த்தால்தான் வரி படிக்க வருகிறதா என்று தெரியும்.

கார்டு அவளுக்கல்ல, அக்காவுக்கு. கூடப் பிறந்தவள் இல்லை; பழைய அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் இதே வேலை பார்த்தவள். மைனாவுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் வந்து நிற்பவள். அலுவலகம் மூடியதும் ஒரு கடைக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார்.

"மாமாவுக்குப் பொழுது போகணும்டி. அவர் டிவியில படம் பாக்கட்டும், நான் மானிட்டர்ல கணக்கு பாப்பேன். ரெண்டுலயும் ஒரே படம் வரக்கூடாது, தனித்தனியா வரணும்," என்று சொல்லியிருந்தாள்.

மைனா மெனக்கெட்டாள். இரண்டு திரையும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். சத்தமும் அதே கேபிளில் டிவிக்குப் போக வேண்டும். அக்காவின் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கார்டு அடங்கவும் வேண்டும். கடைசியில் ஒற்றை விசிறி வைத்த குட்டையான கார்டை வாங்கிப்போய்த் தானே மாட்டிக்கொடுத்தாள்.

"நீ இல்லன்னா நான் என்னடி பண்ணுவேன்!" என்று அக்கா கன்னத்தைக் கிள்ளினாள்.

சில வாரங்களில், மைனாவுக்குத் தொடர்ந்து வேலை கொடுத்துவந்த கம்பெனி கையை விரித்தது. அவள் எழுதிக்கொண்டிருந்த தொடரையே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அக்காவுக்குப் போன் போட்டு அழுதாள்.

"விடுடி, யார் கண்ணு பட்டுச்சோ," என்றாள் அக்கா.

பிறகு ஒருநாள் அக்காவே கூப்பிட்டாள். "டிவியில படத்தோட கீழ்ப்பக்கம் வெட்டுப்படுதுடி. என்ன பண்ணணும்? நீ அலைய வேணாம், போன்லயே சொல்லு."

போனில் சொன்னது சரிவரவில்லை. மறுநாள் அந்தப் பக்கம் போன மைனா, ஒரு எட்டு பார்த்துவிடலாமென்று நுழைந்தாள். அக்கா மருந்து வாங்கப் போயிருந்தாள். மாமா கட்டிலிலிருந்தே வரவேற்றார். அவர் அறையில் டிவி இல்லை.

"அவ ரூமுக்கு மாத்திக்கிட்டாம்மா. வேலைக்கு வேணுமாம். நான் போன்லயே பாத்துக்கறேன்," என்றார் வெள்ளந்தியாக.

அக்காவின் அறையில் டிவியில் ஒரு காட்சி ஓடாமல் அப்படியே நின்றிருந்தது. மைனாவின் கையைவிட்டுப் போன அதே தொடர். அடியில் பாதி எழுத்து அறுபட்ட ஒரு வரி. அதே வரி மானிட்டரில் முழுசாக இருந்தது. நாயகி தம்பியைக் கூப்பிட மைனா யோசித்து யோசித்துப் பிடித்த 'தடிமாடு' கூட அங்கே அப்படியே இருந்தது.

வாசலில் அக்கா வந்து நின்றாள். மருந்துப் பையைக் கீழே வைக்கவில்லை.

"நானே சொல்லணும்னுதான்டி இருந்தேன்."

"கேட்டிருந்தா பாதியக் குடுத்திருப்பேனேக்கா."

"நீ குடுத்தா அது உன் வேலைதானே? எனக்குன்னு ஒண்ணு வேணும்டி. நீ ஒண்டிக்கட்டை, உனக்கு இன்னும் நாலு பேர் குடுப்பாங்க. எனக்கு யாரு குடுப்பா?"

"வேலை போனாப் போகுது. நான் அழுதேனே, அப்ப நீ இந்த நாற்காலியிலதான உக்காந்திருந்தே?"

"டிவி சரியாச்சாம்மா?" என்று உள்ளிருந்து மாமா கேட்டார்.

டிவியின் ரிமோட் மைனாவின் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. படத்தின் அளவை மாற்றினால் போதும், நொடி வேலை. அவள் தொடவில்லை.

"இல்ல மாமா, அக்கா பாத்துப்பா," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

தெருமுனை வரை வந்தபின்தான் அழுகை வந்தது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும்போல இருந்தது. போனை எடுத்தாள். விரல் பழக்கத்தில் அக்காவின் எண்ணுக்கே போனது. அழுத்தாமல் பைக்குள் போட்டுக்கொண்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறினாள்.