குண்டு பட்ட இடம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. நான் புரூஃப் பார்க்கும் அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்யும் அக்கா, ஒருநாள் சாப்பாட்டு வேளையில் கேட்டது.

"நீங்க கதையெல்லாம் எழுதுவீங்களாமே தம்பி? என் கூடப்பொறந்தவனைப் பத்தி ஒண்ணு எழுதுங்க. குதிரைப்படையில இருந்தான். சண்டையில போயிட்டான்."

என் கதைகளைப் பற்றி ஒருவர் கேள்விப்பட்டிருக்கிறாரே என்ற பூரிப்பில் தலையாட்டிவிட்டேன்.

"ஒரே ஒரு விஷயம். குண்டு முதுகுல பட்டுச்சு. நீங்க நெஞ்சுல பட்டதா போட்டுடுங்க. எழுதறது நீங்கதானே?"

(முதுகில் குண்டு என்றால் புறமுதுகு காட்டி ஓடினவன். அவர்கள் தெருவின் தீர்ப்பு அது. மகன் செத்தது போதாதென்று இந்தப் பேச்சு வேறு. குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதை. பழமொழியிலும் குதிரை வந்துவிட்டது, மன்னிக்கவும். வீட்டுக்கு வந்த உடலைப் பார்த்த நாளிலிருந்து, பூட்டுக்கடை வைத்திருக்கும் அவர்களுடைய அப்பா மகனைப் பற்றிப் பேசுவதில்லை. யாராவது 'முதுகு' என்று வாயெடுத்தால் எழுந்து போய்விடுவார். ஆனால் அச்சில் வந்தால் நம்புவார். சாயங்காலம் அக்கா எதையாவது வாசிக்க, கடையில் உட்கார்ந்து கேட்பவர்.)

2

முதல் தொடக்கம்: 'புழுதி பறக்க, வாள் மின்ன, அவன் குதிரை காற்றைக் கிழித்துக்கொண்டு...'

அடித்துவிட்டேன். நான் ஏறிய ஒரே குதிரை பூங்காவில் காசு போட்டால் ஆடுவது. அதிலிருந்தும் விழுந்திருக்கிறேன்.

இரண்டாம் தொடக்கம்: 'சிறுவயதிலிருந்தே குதிரைகள் மீது தீராத காதல் கொண்ட அவன்...'

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "யாரு, சின்னவனா? நாயைப் பார்த்தாலே அடுத்த தெரு வழியாப் போவான். மெத்தைக்கடையில பஞ்சு அடைச்சிட்டிருந்தவன். ஆள் ஒல்லி, குதிரைக்குப் பாரம் தெரியாதுன்னு அங்க போட்டுட்டாங்க."

முதல் விடுப்பில் வந்தவன், "அதுக்கும் என்னைப் புடிக்கல, எனக்கும் அதைப் புடிக்கல" என்றானாம். அடுத்த விடுப்பில் குதிரையைத் தவிர வேறு பேச்சே இல்லை. அதற்கு எந்தக் காதுக்குப் பின்னால் சொறிந்தால் பிடிக்கும் என்றுகூடச் சொன்னானாம். "புதுசா கல்யாணம் ஆனவன் மாதிரி பேசினான்" என்றார் அக்கா. என் இரண்டு தொடக்கங்களையும்விட அந்த ஒரு வரி நன்றாக இருந்தது. பொறாமையோடு எழுதிக்கொண்டேன்.

3

விவரம் போதவில்லை என்று நான் சலித்துக்கொண்டதால், சின்னவனோடு படையில் இருந்த ஒருவரை அக்கா விசாரித்துக் கண்டுபிடித்தார். இப்போது லாரி ஓட்டுகிறவர். பைண்டிங் அறையில் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து சொன்னார்.

"எதிரி கிட்ட இருந்தா சேணத்தோட வயித்து வாரைத் தளர்த்தக் கூடாது, அது உத்தரவு. ஆனா அன்னிக்கு நாளெல்லாம் ஓடின குதிரை, வார் இறுகி மூச்சு வாங்குது. இவனுக்குப் பொறுக்கல. 'கொஞ்ச நேரம்தான்டா'ன்னு தளர்த்திட்டான். அப்பப் பார்த்து சுட ஆரம்பிச்சாங்க. நாங்க ஏறிட்டோம். தளர்ந்த வாரோட ஏறினா சேணம் சுத்திக்கிட்டு ஆளைக் கவுத்துடும். அதனால குதிரைப் பக்கம் திரும்பி நின்னு வாரை இறுக்கிட்டிருந்தான். 'விட்டுட்டு என் பின்னால ஏறுடா'ன்னு கத்தினேன். 'இதை விட்டுட்டா?'ன்னு கேட்டான். அவ்வளவுதான்."

முகத்தை மறைப்பதற்காகக் குனிந்து பேனாவைத் தேடினேன். அது கையில்தான் இருந்தது.

அக்கா வெகுநேரம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நெஞ்சுல போட வேணாம் தம்பி. முதுகுலயே இருக்கட்டும்" என்றார்.

4

சிக்கலே இப்போதுதான்.

முடிவு ஒன்று: குண்டு நெஞ்சில். அப்பா அழுவார். ஆனால் வேறு யாரோ ஒருவனுக்காக.

முடிவு இரண்டு: நடந்தது நடந்தபடி. 'உத்தரவை மீறினானா?' என்று முதலில் கோபப்படுவார். அதைத் தாண்டினாலும் அந்தச் சொல் வரும். அவர் எழுந்துவிடுவார்.

முடிவு மூன்று: குதிரை ஒரு நாள் தனியே திரும்பி வந்து, பூட்டுக்கடை வாசலில்...

(சீ. எனக்கே வெட்கமாக இருக்கிறது.)

5

இரண்டாவதையே அச்சடித்துவிட்டோம். நீங்கள் கையில் வைத்திருப்பது அதுதான். அக்காவால் வாசிக்க முடியாதாம். "அந்த இடத்துல என் குரல் உடைஞ்சிடும், நீங்க படிச்சுக் காட்டுங்க" என்கிறார். நானோ போர்க்கதை எழுதுகிறவன், அதாவது பயந்தாங்கொள்ளி. ஆகவே, வாசகரே, நீங்கள்தான்.

கடை திறந்திருக்கிறது. அப்பா ஒரு சாவியை ராவிக்கொண்டிருக்கிறார். அரத்தின் சத்தம் நின்றால் கேட்கிறார் என்று அர்த்தம். காது கொஞ்சம் மந்தம், உரக்கப் படியுங்கள். அந்தச் சொல் வந்ததும் எழுந்து வாசலுக்கு நடப்பார். அவர் போகட்டும் என்று மரியாதையாக நிறுத்திவிடாதீர்கள். எல்லோரும் அங்கேதான் நிறுத்தினார்கள். அவர் தெருவில் இறங்கினால் நீங்களும் இறங்குங்கள், கூடவே நடந்து படியுங்கள்.

இதோ, எழுந்துவிட்டார்.