தண்ணீர் இல்லாத ஆரத்தி

எங்கள் தெருவில் ஆரத்தி என்றால் அஞ்சலாட்சிதான். தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்கிறாளே என்று யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். முத்தியால்பேட்டையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மாப்பிள்ளை அழைப்பானாலும், பிள்ளை பெற்று வருகிறவளானாலும், ஓட்டுக் கேட்டு வருகிறவரானாலும் தட்டு என் கையில்தான் இருக்கும். நான் சுற்றினால் தோற்க மாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. தோற்றவர்கள் இரண்டு பேரை எனக்கே தெரியும். ஆனாலும் நல்ல பேச்சு, அதை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

அதனால் இரண்டாயிரத்து ஆறு தேர்தலுக்கு வார்டு செயலாளர் சக்கரபாணி முதலில் வந்து நின்றது என் வீட்டு வாசலில். ஞாயிற்றுக்கிழமை வேட்பாளர் வருகிறார், தெருப் பெண்களைத் தட்டோடு நிறுத்த வேண்டும் என்றார். கூடவே ஒரு சேதியும் கொண்டுவந்தார். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற தென்னந்தோப்பில் குளிர்பானக் கம்பெனி வரப்போகிறதாம். வேட்பாளர் ஜெயித்தால் கையோடு அனுமதி. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வேலை, முதல் ஆர்டர் என் மகன் செல்வகுமாருக்கு.

செல்வகுமார் ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்தவன். படித்து முடித்ததிலிருந்து அக்குளில் பைலை இடுக்கிக்கொண்டு பக்கத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக் கம்பெனி கேட்டுகளில் நின்று நின்று கறுத்துப்போனவன். அந்தச் சேதி கேட்டதும் ஓடிப்போய் முகச்சவரம் செய்துகொண்டு வந்தான். பொய் சொல்வானேன், நானும் துள்ளிக் குதித்தேன். சக்கரபாணிக்கு முந்திரி போட்டுக் கேசரி கிளறிக் கொடுத்தேன்.

அந்தப் பெருமையை அடுத்த நாள் கைப்பம்படியில் அவிழ்த்துவிட்டேன். ஸ்டெல்லாமேரி குடத்தோடு நின்றிருந்தாள். அவள் கடலை ஒட்டிய கிழக்குத் தெரு. அங்கேயும் ஒரு காலத்தில் தேங்காய்த் தண்ணீர் மாதிரி தண்ணீர் வந்தது. ஐஸ் கம்பெனி ஒன்று வந்து ஆழமாகப் போர் போட்டு உறிஞ்சியது. நல்ல தண்ணீர் போன இடத்தில் கடல் வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது அந்தத் தெருவில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அவர்கள் அத்தனை பேரும் எங்கள் பம்பை நம்பித்தான் வருகிறார்கள்.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஸ்டெல்லாமேரி மெதுவாகக் கேட்டாள். "குளிர்பானத்த எதுலக்கா செய்வாங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேரே கட்சி ஆபீசுக்குப் போய்ச் சக்கரபாணியைப் பிடித்துக்கொண்டேன். கம்பெனி போர் போடுமா என்றேன். போடாமல் என்ன, வரிசையாகப் போடுவார்கள் என்றார். எங்கள் பம்பு என்ன ஆகும் என்றேன். வளர்ச்சி வேண்டுமென்றால் இதையெல்லாம் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "கடல பக்கத்துல வெச்சிக்கிட்டு தண்ணிக்குப் பஞ்சமாம்!"

எனக்குக் கோபம் வந்தால் வாய் அடைத்துக்கொள்ளும். ஆனால் கை சும்மா இருக்காது. அன்றைக்கே வீடு வீடாகப் போய் என் யோசனையைச் சொன்னேன். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேளம் முழங்க ஜீப் வந்தது. முத்தியால்பேட்டையைச் சிங்கப்பூர் ஆக்கப்போவதாக மைக் கத்தியது. தெரு நெடுக நாங்கள் தட்டோடு நின்றோம். தட்டில் மஞ்சள்பொடி, சுண்ணாம்பு, வெற்றிலை, சூடம் எல்லாம் முறையாக இருந்தன. தண்ணீர் மட்டும் ஒரு சொட்டு இல்லை. வேட்பாளர் பழக்கதோஷத்தில் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார். நானும் பயபக்தியோடு வறட்டுத் தட்டைச் சுற்றினேன். மஞ்சள்பொடி பறந்து அவர் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

கண்ணைத் திறந்து, தண்ணீர் இல்லையா அம்மா என்றார்.

"இப்ப இருக்குதுங்க. உங்க கம்பெனி வந்தா இருக்காது. அப்ப எப்பிடிச் சுத்தறதுன்னு இப்பவே பழகிக்கிறோம்."

மேளக்காரன் கை அப்படியே நின்றுவிட்டது. வேட்பாளர் ஊரைக் கண்டவர், கோபத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. மைக்கை வாங்கி, வீட்டுக்கு வீடு குழாய் போட்டுத் தருவேன் என்றார். அந்தக் குழாய்க்குத் தண்ணீர் எங்கேயிருந்து வரும் என்று கூட்டத்தில் நின்ற ஸ்டெல்லாமேரி கேட்டாள். அதற்குள் ஜீப் நகர்ந்துவிட்டது. எனக்கு அன்றைக்கு நெஞ்சு நிமிர்ந்த நிமிர்வில் ரவிக்கைக் கொக்கி தெறிக்காததுதான் குறை.

ஆனால் வீட்டுக்குள் போனதும் எல்லாம் வடிந்துவிட்டது. செல்வகுமார் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"ஊருக்குத் தண்ணி. எனக்கு மண்ணாம்மா?"

அதோடு பேச்சை நிறுத்திவிட்டான். போட்டதைத் தின்றான், போனான், வந்தான். பக்கத்துத் தெருக்களிலும் பெண்கள் வறட்டுத் தட்டோடு நிற்க ஆரம்பித்தார்கள். ஜீப் போன இடமெல்லாம் இதே கதை. மார்க்கெட்டில் பூக்காரி முதல் மீன்காரி வரை என்னைப் பார்த்து, நீதானா அது என்று கேட்டார்கள். அத்தனை பெருமையும் என் பிள்ளை முகத்தைப் பார்த்தால் ஒன்றுமில்லாமல் போனது.

பிரச்சாரத்தின் கடைசி நாள் சக்கரபாணி ஆட்டோ வைத்துக்கொண்டு வந்தார். பெரிய மார்க்கெட் பக்கம் மேடை போட்டிருக்கிறதாம். கலக்கின ஆரத்தியோடு நான் மேடை ஏறி ஒரு சுற்றுச் சுற்றினால் போதுமாம். போட்டோக்காரர்கள் வருவார்கள். சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். உள்ளே கம்பெனி முன்கூட்டியே எழுதிக் கொடுத்த செல்வகுமாரின் வேலை ஆர்டர் இருந்தது.

செல்வகுமார் அப்போது வாசலில் கைப்பம்பைப் பிரித்துப் போட்டிருந்தான். காலையிலிருந்து அது மக்கர். கிழக்குத் தெருப் பெண்கள் குடங்களை வைத்துவிட்டு அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிரீஸ் அப்பிய கையோடு வாஷரை மாட்டிக்கொண்டிருந்த அவனை நான் பார்த்தேன். பிட்டர் வேலை தெரிந்த பிள்ளை, என்னால்தான் இப்படி நிற்கிறான் என்று தோன்றியது. பெற்ற மனசு பித்து. வருகிறேன் அண்ணே என்று சொல்லிவிட்டேன்.

உள்ளே போய் மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கினேன். தண்ணீர் செக்கச்செவேல் என்று சிவந்தது. தட்டோடு வாசலுக்கு வந்தேன். கிழக்குத் தெருப் பெண்கள் தட்டைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். ஸ்டெல்லாமேரி தன் காலிக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

செல்வகுமார் எழுந்து வந்து தட்டை என்னிடமிருந்து வாங்கினான். ஆட்டோவில் வைக்கத்தான் வாங்குகிறான் என்று நினைத்தேன். அவன் நேரே சக்கரபாணி எதிரில் போய் நின்றான். கிரீஸ் கையோடு, நிதானமாக, மூன்று முறை அவரைச் சுற்றினான். ஆண்பிள்ளை ஆரத்தி சுற்றி நான் பார்த்ததே இல்லை. பிறகு, முறைப்படி, தெருமுனை வரைக்கும் நடந்து போய் அத்தனையையும் மண்ணில் கொட்டிவிட்டு வந்தான்.

"திருஷ்டி கழிஞ்சிதுண்ணே. கெளம்புங்க" என்றான்.

சக்கரபாணி பையில் இருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். செல்வகுமார் அதைப் பார்க்கக்கூட இல்லை. பம்பின் மூடியை முடுக்கினான், நாலு அடி அடித்தான், தண்ணீர் குபுக்கென்று வந்தது. போகாமல் நின்றுவிட்ட ஸ்டெல்லாமேரியின் குடத்தை வாங்கி முதலில் வைத்தான்.

சக்கரபாணி என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, துடைக்கவில்லை.

"என்னாண்ணே பாக்கறீங்க? எம்புள்ள" என்றேன்.