ஷூ போட்டு அளந்த பெஞ்ச்

புதுப்பட்டினத்தில் ரவிச்சந்திரன் வீட்டுக் கார் ஷெட்டுக்குப் பதினோரு வயது. கார் மட்டும் இன்னும் பிறக்கவில்லை. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் முப்பத்து நாலு வருடம் டெக்னீஷியனாக இருந்து ரிட்டையர் ஆனவர், அந்த ஷெட்டில் ஒரு பட்டறை பெஞ்ச் போட ஆசைப்பட்டார். செலவு ஐயாயிரத்தைத் தாண்டக் கூடாது. யானை ஏறி நின்று தலையாட்டினாலும் பெஞ்ச் அசையக் கூடாது.

திட்டம் மூன்று மாதம் ஓடியது. பதினேழு வரைபடம். ஒவ்வொன்றிலும் 'தயாரித்தவர்', 'சரிபார்த்தவர்', 'ஒப்புதல் அளித்தவர்' என்று கட்டம் கட்டி, மூன்றிலும் அவரே கையெழுத்துப் போட்டார். இரண்டு முறை ஒப்புதல் தர மறுத்துத் தனக்கே திருப்பி அனுப்பினார்.

மனைவி பார்வதத்துக்குப் பொறுமை போயிற்று. தெருவுக்கே ரவிக்கை தைக்கிறவள். தரையில் குனிந்து துணி வெட்டி இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள பெஞ்ச் முடியணும். இல்லைன்னா ஷெட்டு எனக்கு. தையல் கடை போட்டுருவேன்."

ரவிச்சந்திரன் உடனே வெல்டர் பூபாலனை இழுத்துக்கொண்டு பழைய சாமான் கடைக்கு ஓடினார். கால்களுக்குத் துருப்பிடித்த இரும்பு ஆங்கிள், மேலே போட இடித்த வீட்டுக் கதவு ஒன்று, தாழ்ப்பாளோடு.

"இன்னாத்துக்கு அண்ணாத்த காலை ஒரு அடி காங்கிரீட்ல பொதைக்கற? பெஞ்சு இன்னா, எந்திரிச்சு மாபலிபுரம் சுத்திப்பாக்கப் போவுதா?" என்றான் பூபாலன், ஷெட்டில் குழி தோண்டிக்கொண்டே.

"பதினேழாவது டிராயிங்ல அப்படித்தான் இருக்கு."

ஞாயிறு காலை கதவை ஆங்கிள் மேல் முடுக்கியாயிற்று. ரவிச்சந்திரன் வெறுங்காலோடு பெருமையாகப் போய் நின்றார். பெஞ்ச் இடுப்பைத் தாண்டி நெஞ்சுக்குக் கிட்டே வந்து நின்றது.

"இன்னா அண்ணாத்த, பேங்க் கவுண்டர்ல எட்டிப்பாக்கற மாதிரி நிக்கிற?"

விஷயம் இதுதான். முப்பத்து நாலு வருடம் சேஃப்டி ஷூ போடாமல் அவர் டேப்பைத் தொட்டதில்லை. வீட்டிலும் ஷூவை மாட்டிக்கொண்டுதான் தன் இடுப்பு உயரத்தை அளந்திருக்கிறார். அதற்கு மேல் வேலைப் பழக்கத்தில் ஓர் அங்குலம் மார்ஜின் வேறு.

"மேல அறுத்துட்டு வெல்டு அடிச்சுரலாம். ஆனா இன்னிக்கு கரண்ட்டு கெடையாது. நாளிக்குத்தான்," என்றான் பூபாலன்.

"தாராளமா அறுங்க," என்றபடி பார்வதம் ரவிக்கைத் துணியோடு வந்தாள். "நாளைக்குன்னா ஞாயித்துக்கிழமை தாண்டிருது. ஷெட்டு எனக்கு."

துணியைப் பெஞ்சில் விரித்தாள். குனியவே வேண்டியிருக்கவில்லை. அவள் கணவரைவிட நாலு விரல் உயரம். கல்யாண போட்டோவில் அவளை உட்காரவைத்தே எடுத்திருந்தார்கள்.

"என்னங்க, எனக்கே அளவெடுத்த மாதிரி இருக்கு."

ரவிச்சந்திரன் உள்ளே போனார். சேஃப்டி ஷூவில் நாடா கட்டிக்கொண்டு திரும்பினார். மிச்ச அங்குலத்துக்கு நுனிக்காலில் நின்றார்.

"எதையும் அறுக்க வேணாம். பெஞ்ச் முடிஞ்சுது. உயரம் கரெக்ட்."

பூபாலன் சிரிப்பை மறைக்கத் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான். பார்வதம் ஷூவைப் பார்த்தாள். நடுங்கும் குதிகாலையும் பார்த்தாள்.

"சரி, ஷெட்டு உங்களுதுதான். டூட்டி எத்தனை மணி வரைக்கும்?"

"நாலரை."

"அப்ப செகண்ட் ஷிஃப்ட் நான்."

பழைய கதவின் தாழ்ப்பாளில் தன் கத்தரிக்கோலை மாட்டிவிட்டுக் காபி போடப் போனாள்.